சபீனாவின் ஆறு சட்டைகள்

வீட்டில் மெஷின் வைத்துத் தைக்கிறவளுக்கு ஊசியைவிடக் கூடக் குத்துவது ஊர்க்கதைதான். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு மெஷின் மிதிக்கும் சகோதரிமாரே, உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

யோசிக்கிற வாப்பா

பக்கத்து வீட்டுச் சபீனாவுக்குக் கண்டியில் கம்பஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அவள் வாப்பா விடுவதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "யோசிப்பம்" என்பார், தொழுகைக்குப் போய்விடுவார். சேர வேண்டிய நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

அவள் உம்மா கல்முனைக் கடையில் ஆறு சட்டைத் துணி எடுத்து, முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்தா. "மாமா ஓம் எண்டுட்டாரா மாமி?" என்று கேட்டேன்.

"அவர் யோசிச்சு முடிக்கக்குள்ள நீ தைச்சு முடிச்சிரு புள்ள."

எதிர்வீட்டு ராத்தா

எங்கள் பக்கத்தில் ஒரு குமர்ப்பெண்ணுக்கு ஒரே தரமாக ஆறு சட்டை தைத்தால் அது கலியாணம்தான். தைத்துக் கொடியில் போட்டதை எதிர்வீட்டு ராத்தா கண்டுவிட்டா.

"சபீனாட அளவுதானே? மாப்பிள்ள எந்தப் பக்கம்?"

எனக்குப் பேச்சு வருவதே கஷ்டம். "சபீனா கண்டிக்கு..." என்று தொடங்கினேன். முடிக்க விட்டால்தானே!

"கண்டியா? எந்த ஊரானா இரிந்தாலும் மாப்பிள்ள நம்மட ஊட்ட வந்துதானே இரிக்கணும். ரெண்டு நாளையில நம்மட கடல்காத்துப் பழகிரும்!"

திரைச்சீலைக்கு அந்தப்பக்கம்

அன்று அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலடியில் எல்லோரும் சபீனாவின் வாப்பாவிடம் கலியாணச் சாப்பாடு கேட்டிருக்கிறார்கள். அவர் நேரே எங்கள் வாசலுக்கு வந்து இருமினார். நான் திரைச்சீலைக்குப் பின்னால், பிள்ளை இடுப்பில்.

"மகள், எண்ட புள்ளைக்குக் கலியாணமாம். எனக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லல்ல."

எப்படியோ வாய் திறந்துவிட்டது. "கலியாணம் இல்ல மாமா. கம்பஸுக்குத்தான் தைச்ச. நான் மூணாம் வகுப்போட நிண்டவ. பஸ் போர்டையே எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிற. அவளயாவது உடுங்க."

வெளியே செருப்புச் சத்தம் நகர்ந்தது. போய்விட்டாராக்கும் என்று திரைச்சீலையை விலக்கினேன். கொடிக்குக் கிட்ட நின்று ஒரு சட்டையின் கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்டியில குளிராம் மகள். இந்தக் கை காணாது, நீளக் கை வெச்சித் தைச்சிரு."

ஆறு சட்டையின் கைகளையும் பிரித்துத் திரும்பத் தைத்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: பெண்பிள்ளைகள் மேலே படிப்பது ஊருக்கு மிகவும் நல்லது, தையல்காரியின் முதுகுக்குத்தான் ஆகாது.