சனிக்கிழமை கிழக்கே சூலம்

கொழும்பில் அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் கைப்பேசியில் மூன்று செயலிகள் மூன்று விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தன. ஞாயிறு காலை அறுகம் குடாவில் அலை இரண்டடி என்றது ஒன்று. நாலடி என்றது இன்னொன்று. மூன்றாவது, இரண்டிலிருந்து ஐந்து வரை இருக்கலாம் என்று ஜோசியர் மாதிரி மழுப்பியது.

நான் அலுவலக வேலையாகப் பத்து நாள் போயிருந்தேன். பெருங்குடியில் நாங்கள் எழுதிய மென்பொருளைக் கொழும்பில் ஒரு வாடிக்கையாளர் அலுவலகத்தில் நிறுவ வேண்டும். நடுவில் வந்த ஒரே சனி ஞாயிறு அது. அறுகம் குடா தீவின் கிழக்குக் கரையில் இருக்கிறது. அலைச்சறுக்கு விளையாடுகிறவர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் கண் விரியும். காரில் எட்டு மணி நேரம். சனிக்கிழமை விடியலில் கிளம்பினால் ஞாயிறு காலை கடலில் இறங்கலாம், ராத்திரிக்குள் திரும்பலாம், திங்கள் ஒன்பது மணிக்கு வாடிக்கையாளர் முன்னால் தூங்கி வழியலாம். அலைக்காலம் தொடங்க இன்னும் சில வாரம் இருந்தது. போய் நின்றால் கடல் கண்மாய் மாதிரி கிடந்தாலும் கிடக்கும். வாடகைக்குக் கேட்டுவைத்திருந்த வண்டிக்காரர் ஏற்கெனவே இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்.

"மிஸ், ஏழு மணிக்குள்ள ஓமோ இல்லையோ சொல்லிடுங்க. வேற ஆக்களும் வண்டி கேக்கிறாங்க."

அப்போது மணி ஆறே கால்.

என் சங்கடம் அலையைப் பற்றியது இல்லை. எனக்குக் கடல் என்றால் பயம் வந்திருந்தது. போன ஐப்பசியில் கோவளத்தில் ஒரு பெரிய அலை என்னைப் புரட்டி அடியில் வைத்துக்கொண்டது. சறுக்குப் பலகையைக் காலோடு கட்டிய கயிறு எங்கேயோ சுற்றிக்கொள்ள, எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று தெரியாமல் போயிற்று. பலகை வந்து மோவாயில் அடித்தது. ஆறு தையல். தையல் பிரித்த பிறகு நான் ஒரு முறைகூட இடுப்பளவுக்கு மேல் தண்ணீரில் இறங்கவில்லை. இது யாருக்கும் தெரியாது.

தெரியாமல் எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்பதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஞாயிறுதோறும் விடியற்காலை ஐந்து மணிக்கு மயிலாப்பூரிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு கோவளம் போவேன். அங்கே எனக்குச் சொல்லித்தருகிற மாஸ்டரிடம் தோள்பட்டை வலி என்பேன். அவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர், மீனவக் குப்பத்துக்காரர், ஒருவர் வலி என்றால் நம்பிவிடுகிற மனிதர். கரையில் உட்கார்ந்து மற்றவர்கள் சறுக்குவதைப் பார்ப்பேன். இட்லிக் கடையில் நாலு இட்லி சாப்பிடுவேன். பிறகு குழாயைத் திறந்து தலையோடு நனைந்து, ஈரத் துணியோடு வீடு திரும்புவேன். அலை எப்போது ஓயும், தலை எப்போது முழுகுவது என்பார்கள். அலைச்சறுக்குக்காரி அலை ஓயட்டும் என்று காத்திருந்த கூத்தை நான்தான் நடத்திக் காட்டினேன். இப்படி ஐந்து மாதம்.

ஏன் சொல்லவில்லை? திமிர்தான். நாற்பத்தொரு வயதில் அலைச்சறுக்கை ஆரம்பித்தபோது கணவர் வீட்டு ஆட்கள் பேசாத பேச்சு இல்லை. ஒரு வளைகாப்பில் நாத்தனார்கள் மூன்று பேரையும் உட்காரவைத்து, பெண்ணும் கடலும் என்ற தலைப்பில் பிரசங்கமே செய்திருக்கிறேன். இனிமேல் போய்ப் பயமாக இருக்கிறது என்றால், "நாங்க அப்பவே சொன்னோம்ல" என்ற வாக்கியம் ஆயுசுக்கும் என் காதில் ஓடும். அதைவிட மூழ்கிப்போகலாம் என்று இருந்தது.

அறுகம் குடா சேதி மாஸ்டர் காதுக்கும் போயிருந்தது. மத்தியானமே கூப்பிட்டார்.

"தோளு தேவலயாக்கா? அப்ப வுடாத. அலை கீதா இல்லியான்னு போன நோண்டிக்கினு இருந்தா தெரியாது. போய் நின்னு பாத்தாத்தான் தெரியும்."

அவருக்கு உம் கொட்டிவிட்டு, ஆறரைக்குக் கணவரைக் கூப்பிட்டேன். அவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழியை அவர் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்பது என் கணக்கு. சிக்கல் என்னவென்றால், பதினெட்டு வருஷத்தில் அவர் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. தி. நகரில் அவர்களுக்குத் துணிக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். காலையில் வீட்டில் நாள்காட்டித் தாளைக் கிழித்து, ராகு காலம், எமகண்டம், சூலம் எல்லாம் படித்துவிட்டுத்தான் கடைச் சாவியைத் தொடுவார். எந்தக் கிழமை எந்தத் திசைக்குப் போகக்கூடாது என்பதுதான் சூலம். நான் முதல்முதலாக அமெரிக்கா போனது ஒரு வெள்ளிக்கிழமை. மேற்கே சூலம் என்று விமான நிலைய வாசலில் ஒரு துண்டு வெல்லத்தை நீட்டினார். "நான் சிங்கப்பூர் வழியாப் போறேன், அது கிழக்கு" என்றேன். கொஞ்சம் யோசித்து, "அப்ப சரி" என்று வெல்லத்தை அவரே வாயில் போட்டுக்கொண்டார்.

அன்றைக்கும் விவரத்தை எல்லாம் கேட்டுவிட்டு, "நாளைக்கு சனிக்கெழம. கெழக்க சூலம்" என்றார்.

எனக்குக் காதில் தேன் பாய்ந்தது.

"அப்படியாங்க? அப்ப நான் போகல. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"யாரு, நீயா சொல்ற?" என்றார். நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று புரிந்தது. சூலத்தை ஒரு நாளும் மதிக்காதவள் அன்றைக்கு அதன் காலில் விழுந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது.

"அதுக்காகப் போகாம இருக்க வேண்டாம்" என்றார் மெதுவாக. "பரிகாரம் இருக்கே. சனிக்கெழமைக்குத் தயிர். ரெண்டு கரண்டி சாப்ட்டுட்டுக் கெளம்பு. அங்க எருமத் தயிர் சட்டியில வச்சு விப்பாங்களாமே, நல்லா இருக்கும்னு சொல்வாங்க."

ஓட்டல் எதிரிலேயே தயிர்ச் சட்டிகளை அடுக்கி வைத்திருந்த கடை சன்னல் வழியாகத் தெரிந்தது. இருந்த ஒரே சாக்கும் போயிற்று.

"எனக்குப் பயமா இருக்குங்க" என்றேன்.

சொன்னதும் அழுகை வந்தது. தையலுக்குப் பிறகு வந்த பயம், தோள்பட்டைப் பொய், குழாயடி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அப்ப அஞ்சு மாசமா நீ அலைக்குள்ள போகவே இல்லயா?"

"இல்ல."

"ஒரு ஞாயித்துக்கெழமகூட?"

"இல்லங்க."

"அப்பாடா" என்றார். அப்படி ஒரு பெருமூச்சை அவரிடம் நான் கேட்டதில்லை. ஆனால் அடுத்த நிமிஷம் குரல் மாறியது.

"அடிபட்ட நாள்லேருந்து ஞாயித்துக்கெழம நீ கெளம்பிப் போனா, நீ வாசல்ல வந்து வண்டிய நிறுத்துற சத்தம் கேக்குற வரைக்கும் பச்சத் தண்ணிகூட பல்லுல படாம உக்காந்திருக்கேன். உனக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு. நீ என்னடான்னா அங்க இட்லி தின்னுட்டுக் கொழாயில குளிச்சிட்டு வந்திருக்க."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டுக்குள் நுழையும்போது அவர் அவசர அவசரமாகத் தோசை சாப்பிட்டுக்கொண்டிருப்பார். கடைக்கு நேரமாகிவிட்டது போல என்று நினைத்துக்கொள்வேன். அதற்கு மேல் நான் யோசித்ததில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா நீ எனக்காகப் போறத நிறுத்திடுவ. அப்புறம் என் அக்காமாருங்க ஜெயிச்ச மாதிரி ஆயிடும்ல."

பதினெட்டு வருஷம் இந்த மனிதரோடு குடும்பம் நடத்தி, எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் பயத்தை மறைத்தேன். அவரும் மறைத்தார். ஒருவர் மானத்தை ஒருவர் காப்பாற்றுகிறோம் என்று, ஒருவர் குளிக்க, ஒருவர் பட்டினி கிடக்க.

ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் வண்டிக்காரரைக் கூப்பிட்டு வரவில்லை என்றேன். "பிரச்சினை இல்ல மிஸ், அல எங்கயும் போகாது" என்றார். பிறகு மாஸ்டரையும் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். "இத்த மொதல்லியே சொல்லிக்கலாம்ல. அடுத்த வாரம் வா, முட்டியளவு தண்ணில நிப்போம். அதுக்கு மேல உன் இஷ்டம்" என்றார். அன்று இரவு படுத்தவள் மறுநாள் பத்து மணிக்குத்தான் எழுந்தேன். அந்த ஐந்து மாதத்தில் அப்படித் தூங்கியதில்லை.

ஞாயிறு காலை மாஸ்டர் ஒரு வீடியோ அனுப்பினார். அவருக்குத் தெரிந்த யாரோ அறுகம் குடாவிலிருந்து அனுப்பியதாம். நாலடி அலை, கண்ணாடி மாதிரி, ஒன்றன் பின் ஒன்றாக. மூன்று செயலிகளில் ஒன்று ஜெயித்துவிட்டது. வயிற்றெரிச்சல் வரும் என்று காத்திருந்து பார்த்தேன். வரவில்லை. கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, இன்னொரு முறை போட்டு ரசித்துப் பார்த்தேன்.

பிறகு வீட்டுக்குப் போன் செய்தேன். மணி ஏழு.

"நான் ரூம்லதான் இருக்கேன். நீங்க சாப்பிடுங்க."

"ஆறரைக்கே உக்காந்துட்டேன்" என்றார் வாய் நிறைய. "இது அஞ்சாவது இட்லி."