யோகேஸ்வரியின் பச்சைக் குடம்

யோகேஸ்வரிக்குச் சேலையூரில் நாலு வருடமாக ஒரே பதில்தான். எந்த ஊர் என்று யார் கேட்டாலும், "ராமேஸ்வரம் பக்கம்." முழுப் பொய்யும் இல்லை, வன்னியிலிருந்து படகேறி வந்தவள் முதலில் கால் வைத்தது அந்தக் கரையில்தான். அகதி என்று உண்மையைச் சொல்லி அதற்கு முன் மூன்று வீடுகளை இழந்திருந்தாள். மகள் தர்சினிக்கு இது பத்தாம் வகுப்பு. பரீட்சை முடியும்வரை இந்த வீடு நிலைத்தால் போதும் என்று தன் ஊர்ப் பேச்சை மறைத்து வாழ்ந்தாள்.

2008 டிசம்பரில் பொத்தேரி கல்லூரி மாணவன் ஜீவானந்தம் அந்தத் தெருவுக்குப் படம் எடுக்க வந்தான். ஒரு கிராமம், அங்கே வந்து சேரும் ஓர் அகதிப் பெண், அவளைக் கண்டு ஊரே நடுங்கும் கூத்து. வீட்டுக்காரி பாலாம்பாள் ஊர்த்தலைவியாக நடித்தாள். பக்கத்து வீட்டு மீன்காரி எல்லம்மாவுக்கு, தண்ணீர் லாரி வரிசையில் அகதியின் குடத்தைத் தூக்கிக் கடைசியில் வைக்கிற வேலை.

அகதியாக நடிக்க வந்த கல்லூரிப் பெண்ணின் வாயில் ஈழத்துப் பேச்சு படாத பாடு பட்டது. பொறுக்க முடியாமல் யோகேஸ்வரி இரண்டு வரி பேசிக் காட்டினாள்.

"அக்கா, நீங்களே பண்ணுங்க!" என்று ஜீவானந்தம் பிடித்துக்கொண்டான்.

நடிப்பென்ற பெயரில் தன் பேச்சைத் தெருவில் உரக்கப் பேசலாம். அந்த ஆசைதான் அவளைக் கவிழ்த்தது. அவனிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ தம்பி."

குடக் காட்சி ஏழு டேக் போனது. அவளுடைய சொந்தப் பச்சைக் குடம். ஒவ்வொரு 'கட்'டுக்கும் எல்லம்மாவே ஓடிப்போய் அதை எடுத்துவந்து பழைய இடத்தில் வைத்தாள். "கோச்சிக்காத யோகா! இந்தப் பையன் சொல்றான், நான் இன்னா செய்ய?"

பாலாம்பாள் மூச்சுவிடாமல் வசனம் பேசினாள்: "அகதி வந்த நாள்லேர்ந்து என் கோழி முட்ட வெக்கலய்யா!" தெருவே சிரித்தது. யோகேஸ்வரியும்தான்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு, பிள்ளையார் கோயில் முன்னால் வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் காட்டினார்கள். "சிலோன்காரி மாதிரியே பேசுது பாரு, இன்னா நடிப்பு!" என்றது கூட்டம். கடைசிக் காட்சியில் ஊர் திருந்தி, அகதியின் குடத்தை வரிசையின் முதலில் வைத்தது. ஒரே கைதட்டல். பிறகு கறுப்பில் வெள்ளை எழுத்து வந்தது: 'தன் கதையைத் தானே நடித்த ஈழத்துச் சகோதரி யோகேஸ்வரிக்கு நன்றி.'

கைதட்டல் பாதியில் நின்றது.

ஜீவானந்தம் பெருமையோடு அவளருகே வந்தான். "எல்லாரும் கண்ணத் தொடைச்சாங்கக்கா. இனிமே நீங்க மறைக்கவே வேணாம்."

மறுநாள் காலை பாலாம்பாள் வாசலில் நின்றாள். "தப்பா நெனைக்காத யோகா. படம் வேற, வூடு வேற. நாளைக்கு போலீசு வந்தா நான்தான பதில் சொல்லணும்? மாசக் கடைசில காலி பண்ணிடு."

"பரீட்சை முடியும்வரைக்குமாவது அக்கா..."

"எனக்கும் பொண்ணுங்க கீது."

லாரி வந்த சத்தம் கேட்டு யோகேஸ்வரி வெளியே ஓடினாள். எல்லம்மா அவளைப் பார்க்காமலே பேசினாள். "நாலு வருசம் உன் கையால புட்டு துன்னேன். எங்கிட்ட கூடவா சொல்லக் கூடாது?"

யோகேஸ்வரி வரிசையைப் பார்த்தாள். விடியற்காலையில் மூன்றாவதாக வைத்த பச்சைக் குடம் வரிசையின் கடைசியில் இருந்தது. யார் வைத்தார்களோ. அவள் எல்லம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எல்லம்மா தன் குடத்தை நிரப்பி இடுப்பில் ஏற்றிக்கொண்டு, பச்சைக் குடத்தைச் சுற்றி நடந்து தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.