லீவுக்கு மட்டும் ஒரு நர்ஸ்

நர்சிங் படிக்கிற பொண்ணு லீவில் வேலை கேட்டால் எல்லோரும் பாராட்டுவார்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்டதும்தான் அவர்களுக்கு அவசரமாக வேறு வேலை வந்துவிடும். நீங்களும் இப்படி அலைந்திருந்தால் நான் விளக்கவே வேண்டாம். நான் வேப்பந்தட்டைக்காரி. இரண்டாம் வருடம் முடித்திருந்தேன். எங்கள் மக்காச்சோளத்தைப் புழு தின்றுவிட்டதால், அடுத்த வருட ஹாஸ்டல் செலவு என் தலையில் விழுந்திருந்தது.

மேனேஜரின் பிரஷர்

பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மேனேஜர் மார்க்கெல்லாம் விசாரித்துவிட்டு, "பிரஷர் பாப்பியாம்மா?" என்று தன் கையையே நீட்டினார். பார்த்தேன், கூடுதலாக இருந்தது. மெஷின் பழசு என்று சொல்லி வேறொன்று கொண்டுவரச் சொன்னார். அதிலும் அதேதான். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே சொன்னார்:

"நல்லாத்தான் பாக்குற. நாளைக்கே வந்துடு. அனுபவம் கெடைக்கும்ல, அதான் சம்பளம்."

கேஸ் மாத்திரை

அடுத்து ஒரு மெடிக்கலில் சம்பளத்துக்கே சேர்ந்தேன். ஒரு மத்தியானம், விதை வாங்க டவுனுக்கு வந்த அரும்பாவூர்க்காரர் ஒருவர் கேஸ் மாத்திரை கேட்டார். சட்டை முழுக்க வேர்வை. இடது தோளைப் பிசைந்துகொண்டே நின்றார்.

"எப்பலேருந்து வலிக்குதுங்க?"

"காலையிலேருந்து. பரோட்டா தின்னது ஒத்துக்கல பாப்பா."

கடை முதலாளியை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். "கேட்டதக் குடும்மா" என்றார் அவர். நான் நினைத்தது தப்பாக இருந்தால் அன்றோடு வேலை போய்விடும். இருந்தாலும் மாத்திரையைக் கொடுக்காமல், "ஒரு ஈசிஜி மட்டும் எடுத்துட்டு வந்துருங்கய்யா" என்று அவரை ஆட்டோவில் ஏற்றி, நானும் கூடவே போனேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். ஈசிஜியைப் பார்த்த டாக்டர் அவரை உடனே உள்ளே அனுப்பினார். இதயத்தில் அடைப்பு.

பிழைத்துக்கொண்டார். சில வாரம் கழித்து மனைவியோடு கடைக்கு வந்தார். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அவரோ அண்ணனிடம் புகார் சொன்னார்:

"நல்லா நடந்து வந்தவன இந்தப் புள்ளதான் படுக்க வச்சுச்சு. இனிமே பரோட்டாவே கூடாதாம்."

யாவாரம்

அதற்குப் பிறகு தலைவலிக்கு வந்தவர்களைக்கூட நான் நாலு கேள்வி கேட்கத் தொடங்கினேன். பாதிப் பேர் டாக்டரைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஒரு சனிக்கிழமை அண்ணன் கணக்கை முடித்துக் கொடுத்தார். கோபமெல்லாம் இல்லை.

"நீ சொல்றது சரிதாம்மா. ஆனா வர்றவங்களயெல்லாம் நீ ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டா, நான் யாருக்கு விக்கிறது?"

அரியலூர் வீடு

கடைசியில் அரியலூரில் ஒரு வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சிமெண்ட் லாரி ஓட்டி ஓய்ந்தவர், விழுந்து இடுப்பெலும்பு உடைந்து ஆபரேஷன் ஆனவர். நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியும் கட்டிலை விட்டு இறங்க மறுத்தார். பயம். அதை வெளியே சொல்லவும் வெட்கம். டீயும் டி.வி.யும் படுக்கைக்கே வந்தன.

நான் டி.வி.யைக் கூடத்துக்கு மாற்றினேன். இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை. மூன்றாம் நாள் கிரிக்கெட் சத்தம் கேட்டதும், "அந்த வாக்கரக் குடு" என்றார். என் தோளை அழுத்திப் பிடித்தபடி கூடம்வரை வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஸ்கோரைப் பார்க்கவேயில்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது. அந்த மாதக் கடைசியில் வாசல்வரை தனியாகவே நடந்தார். அவர் மகள் எனக்குக் கேசரி கிண்டிக் கொடுத்தார்.

"அப்பா இப்படி நடப்பாருன்னு நெனைக்கவே இல்ல. ரொம்ப சந்தோஷம்மா. அப்ப, நாளைலேருந்து நீ வர வேணாம்ல?"

ஹாஸ்டலுக்கு எப்படியோ பணம் சேர்ந்துவிட்டது என்றாலும், வேலையைச் சரியாகச் செய்ததற்காகவே ஒரே கோடையில் இரண்டு முறை வேலை இழந்தவள் எங்கள் வகுப்பில் நான் ஒருத்திதான்.