பெண் குழந்தையை யார் எடுத்துப் போவது?

பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸுக்குக் கை சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது, வெளியே காத்திருப்பவர்களிடம் சேதி சொல்லத் தைரியமும் வேண்டும். எண்பதுகளில் தருமபுரி டவுனில் எனக்கு முதலாவது மட்டும்தான் இருந்தது. அரூர், ஏரியூர் என்று எல்லா ஊரிலிருந்தும் பஸ் ஏறி எங்களிடம்தான் வருவார்கள். நீங்களும் அந்தக் கதவுக்கு வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றிருப்பீர்கள். உள்ளே இருந்தவள் கதையையும் கேளுங்கள்.

எங்கள் பங்கீடு

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெண் பிறந்திருக்கிறது என்று சொன்னதற்கு ஒரு மாமியார் என்னைக் கிழிகிழியென்று கிழித்துவிட்டார். அன்றிலிருந்து ஆண் என்றால் நானே எடுத்துப் போய், சந்தோஷத்தில் அவர்கள் நீட்டும் சக்கரையை வாங்கிக்கொள்வேன், பெண் என்றால் ஆயா முனியம்மாவை அனுப்பிவிடுவேன். அவள் மறுத்ததே இல்லை. ஒரே ஒரு முறை, குழந்தையை வாங்கிக்கொண்டே சொன்னாள்:

"சக்கரை உங்களுக்கு, வசவு எனக்கு. இருக்கட்டும் சிஸ்டர், எனக்குக் காது மரத்துப்போயி ரொம்ப நாளாச்சு."

அரூர்க்காரர்

ஒருநாள் டாக்டர் தையல் போட, நான் பக்கத்தில் நின்று உதவ வேண்டியிருந்தது. பிறந்தது ஆண். முனியம்மாவிடம் கொடுத்தனுப்பினேன். அவள் வாயைத் திறப்பதற்குள் தகப்பன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். விஷயம் தெரிந்து இரண்டு நாள் கழித்து அசடு வழிய வந்து நின்றார். "பிள்ளையைப் பார்க்காமலே போவீங்களா?" என்று சத்தம் போட்டேன்.

"ஆயாம்மா வந்தா பொட்டப்புள்ளதானுங்களே? வெளியில எல்லாரும் அப்படித்தாங்க பேசிக்கிறாங்க."

இதைச் சொல்லிச் சொல்லி நர்ஸுகள் எல்லோரும் சிரித்தோம். அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

செல்வி

செல்வி பாப்பிரெட்டிப்பட்டிக்காரி. இரண்டு பெண்களுக்குப் பிறகு மூன்றாவது பிரசவம். வலியோடு என் கையைப் பிடித்துக்கொண்டு, "எதுவா இருந்தாலும் நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க சிஸ்டர். ஒருக்கா கையில வாங்கிட்டார்னா எங்க வூட்டுக்காரர் வுடமாட்டாரு" என்றாள். சரி என்றேன்.

மறுபடியும் பெண். முனியம்மாவைக் கூப்பிட்டேன். அடுத்த கட்டிலில் கேஸ் இருந்தது என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். இருந்தது, ஆனால் அவசரமில்லை. கதவு திறந்ததுமே புருஷன் எழுந்து போய்விட்டார். திரும்பி வரவேயில்லை. மூன்றாம் நாள் அண்ணன் வந்து அவளைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போனார். கிளம்பும்போது மன்னிப்புக் கேட்க நினைத்து வாசல்வரை போனேன். செல்விதான் பேசினாள்:

"நீங்க கொண்டுபோயும் அவரு வாங்கலைன்னா, சரின்னு மனசை ஆத்திக்குவேனுங்க. இப்ப அது கூட தெரியாம போயிருச்சே சிஸ்டர்."

அதற்குப் பிறகு எல்லாக் குழந்தைகளையும் நானே எடுத்துப் போனேன், வசவும் வாங்கினேன். வசவு வாங்கி எந்த நர்ஸும் செத்ததில்லை என்று நான் தெரிந்துகொள்வதற்கு ஒரு பெண் வாழாவெட்டியாக வேண்டியிருந்தது.