பவளமல்லிக்கு நீல விளக்கு

கொல்கத்தா டாக்குரியாவில் நண்பன் சேகரின் வாடகை வீட்டு வாசலில் பவளமல்லி மரம் நிற்கிறது. இருட்டியதும் வெள்ளை வெளேரென்று பூக்கிறது. அது சேகருக்குப் போதவில்லை. இந்தப் பக்கம் நீல விளக்கு வைக்கிறான், அந்தப் பக்கம் சிவப்பு. பனித்துளி தெளிக்க என் கையில் தண்ணீர் பாட்டில். இப்போதுதான் மழை விட்டிருக்கிறது.

"மழைத்துளி சரியா உக்காரலடா," என்கிறான்.

விடியற்காலையில் அடுத்த வீட்டுப் பூவைத் திருடிச் சாமிக்குப் போடுவது இந்த ஊர்ப் பக்தி. வீட்டுக்காரம்மா சன்னலைத் திறந்து இந்தியில் கத்துகிறார்: "பூ திருட இப்பல்லாம் ராத்திரியே வந்துடறீங்களா?"

"நான்தான் மாஷிமா, போட்டோ எடுக்கறேன்."

சேகர் பெருமையாகக் கேமராவை நீட்டுகிறான். மரத்தை நட்டவரே வீட்டுக்காரம்மாதான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்க்கிறார்.

"அழகா இருக்குப்பா. இது என்ன பூ?"