சேற்றுக் கையும் பிளாட்டினமும்

என் தங்கையின் ஆய்வகத்துக்கு முதன்முதலாகப் போனபோது அவள் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். இறால் தொக்கோடு பொன்னேரியிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வந்தவள் நான்.

"கையைக் கழுவினியாக்கா?"

"மூணு தடவ."

"இன்னும் வாசனை வருது. உள்ள வராதே."

எனக்குச் சுருக்கென்றது. பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஏரிச் சேற்றை இரண்டு கையாலும் துழாவி இறால் பிடிக்கிறவள் நான். அந்த அழுகின முட்டை வாசனை எந்தச் சோப்புக்கும் போகாது. இவளைப் படிக்கவைத்ததே அந்தக் கைதான்.

வெளியே வந்து விளக்கினாள். ஹைட்ரஜனை எண்ணெய் போன்ற ஒரு திரவத்துக்குள் ஏற்றிவிட்டால் பயமில்லாமல் கேனில் கொண்டுபோகலாம். திரும்ப வெளியே எடுக்கச் சூடும் வேண்டும், வினையூக்கியும் வேண்டும். அவளுடையது பிளாட்டினம் பூசிய குட்டிக் குட்டி உருண்டைகள். ஐந்தாறு முறை ஓடினால் சோர்ந்து, வேலை செய்யாமல் போய்விடுகின்றன. சோராத ஒன்றைச் செய்யாவிட்டால் அவளுக்குப் பட்டம் கிடையாது. சேற்று வாசனையில் இருப்பது கந்தகம். பிளாட்டினத்துக்கு அது விஷமாம்.

அதற்காகவே நான்கு வருஷம் ஏரியில் கால் வைக்காமல் இருந்திருக்கிறாள். லீவில் வந்தால் கரையோடு நிற்பாள். திமிர் பிடித்தவள் என்று நான்தான் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். அப்படியொரு வைராக்கியம் எனக்கு இந்த ஜென்மத்தில் வராது.

போன மாசியில் போன் செய்தாள்.

"அக்கா, கந்தகம் போட்டேன்."

"இன்னாடி சொல்றே? விஷம்னியே?"

"நெறைய போனாதான் விஷம். துளியூண்டு அளந்து போட்டா, கசடு சேந்து கெடுக்குற எடத்த மட்டும் அடைச்சிடுது. வெளிநாட்டுல செஞ்சிருக்காங்கனு எப்பவோ படிச்சேன். எனக்குத்தான் தைரியம் வரல. எத்தனையோ தடவ ஓட்டிட்டேன்க்கா, சோரவே இல்ல."

என் தங்கை என்று ஊரெல்லாம் சொல்ல வேண்டும்போல இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தாள். பையைப் போட்டுவிட்டு என் பறியை வாங்கிப் பல்லில் கடித்தாள், இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். வெகுநேரம் துழாவினாள். நாலு இறால்தான் கிடைத்தது. கரையேறும்போது முழங்கைவரை சேறு.

"போய்க் கையைக் கழுவுடி," என்றேன்.

"இருக்கா, என்ன அவசரம்," என்றாள். அந்தக் கையாலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.