கண்ணாடிக்குள் இருந்தவர்

ஊருக்குப் போகும் வழியில் துபாயில் இரண்டு நாள் தங்கிப் போக விரும்புகிறவர்கள், சுவிஸில் நாங்கள் இருக்கிற லோசான் நகரத்தில் என்னிடம்தான் வந்து விசாரிப்பார்கள். மூன்று வருடங்களுக்கு முன், ஓகஸ்ட் மாதத்தில், நானும் மனைவியும் யாழ்ப்பாணம் போகையில் அப்படித் தங்கிப் போனோம். இரண்டே நாள்தான். ஆனால் திரும்பி வந்ததிலிருந்து, அங்கேயே பத்து வருடம் இருந்தவன் மாதிரி எல்லோருக்கும் புத்திமதி சொல்லத் தொடங்கிவிட்டேன்.

அடுத்த மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வில் நகரத்திலிருந்து மனைவியின் சித்தி மகளும் அவளுடைய கணவரும் வந்திருந்தார்கள். கோடை விடுமுறைக்கு அவர்களும் அதே வழியாகப் போகிறார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து, மனைவி குசினியில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். நான் சோபாவில் சாய்ந்துகொண்டு ஆரம்பித்தேன்.

மெல்லிய முழுக்கை உடுப்புக் கொண்டுபோகச் சொன்னேன். அதோடு கைப்பையில் ஒரு சுவெட்டரும் இருக்கவேண்டும், ஏனென்றால் கடைத்தொகுதிகளுக்குள்ளும் மெட்ரோவுக்குள்ளும் எங்கள் நவம்பர் மாதத்துக் குளிர். குளிசை பாவிக்கிறவர்கள் வைத்தியர் எழுதிய துண்டையும் கொண்டுபோகவேண்டும். இங்கே சாதாரணமாகத் தருகிற சில நோவுக் குளிசைகளுக்கு அங்கே முன்கூட்டியே அனுமதி வேண்டும். மெட்ரோவில் இளஞ்சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரியது, தெரியாமல் ஏறினாலும் ஆண்களுக்குத் தண்டம். முகம் தெரியாதவர்களைப் படம் எடுக்கக்கூடாது. சித்தி மகள் எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாக, நான் எப்போதும் கடைசியாகச் சொல்வதைச் சொன்னேன்.

"கண்ணால பார்த்துத் தூரத்தை மட்டிடாதேங்கோ. கட்டடம் எல்லாம் பெரிசு, பக்கத்தில நிக்கிற மாதிரித்தான் இருக்கும். அஞ்சு நிமிச நடை எண்டாலும் டாக்சி எடுங்கோ. நாங்கள் ரெண்டு பேரும் நடந்து பட்ட பாடு காணும்."

மனைவி தேநீர்த் தட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தபடி, சாதாரணக் குரலில் சொன்னாள்:

"இவர் நடக்கேல்லை. நான் தனியத்தான் நடந்தனான்."

விருந்தாளிகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"என்னக்கா, பகிடியோ?" என்றாள் சித்தி மகள்.

"இல்லை" என்று சொல்லிவிட்டு மனைவி சீனிப் போத்தலை எடுக்கப் போனாள்.

துபாயில் அன்று நடந்ததை எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

மெட்ரோ நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது பகல் ஒரு மணி. எங்கள் ஹோட்டல் கண்ணெதிரே நின்றது. பெயர்ப்பலகையின் எழுத்துகளைக்கூட வாசிக்க முடிந்தது. டாக்சிக்காரர் இவ்வளவு கிட்டப் போகக் கேட்டால் ஏசுவார் என்று நினைத்து, நான்தான் நடப்போம் என்றேன். லோசானில் ஏற்றமும் இறக்கமுமாக நாள் முழுக்க நடக்கிற எங்களுக்கு இந்தச் சமதரை ஒரு தூரமா என்றும் சொன்னேன்.

வெளியே காலை வைத்ததும் என் மூக்குக்கண்ணாடி ஆவி படிந்து வெள்ளையாகிவிட்டது. துடைத்துவிட்டுப் பார்த்தால் தெருவில் ஒரு மனிதர் இல்லை. பன்னிரண்டு நிரைகளில் வாகனங்கள் ஓடுகின்றன, எல்லாவற்றுக்கும் கறுப்புக் கண்ணாடி, உள்ளே யாரும் இருப்பதாகவே தெரியவில்லை. நடைபாதை கொஞ்சத் தூரத்தில் ஒரு கட்டட வேலைத்தலத்தின் வேலியில் முட்டி நின்றது. வேலியைச் சுற்றிக்கொண்டு போனோம். உள்ளே ஒரு பாரந்தூக்கி அசையாமல் நின்றது. ஒரு நீளமான பலகையில் மஞ்சள் தலைக்கவசங்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன, நாற்பது ஐம்பது இருக்கும். அவற்றைப் போடுகிற தலைகள் ஒன்றையும் காணோம். கோடையில் அந்த நேரம் வெளிவேலை செய்யக்கூடாதென்று சட்டம் இருப்பது பிறகுதான் எனக்குத் தெரியும். அப்போது, ஏதோ ஒன்றைக் கேட்டு எல்லோரும் ஓடிப்போய்விட்டார்கள், எங்களுக்குத்தான் அது கேட்கவில்லை என்பது போல இருந்தது.

வேலி முடிந்ததும் மறுபடி ஹோட்டல் தெரிந்தது. அது கிட்ட வந்திருக்கவில்லை. அதே எழுத்துகள், அதே அளவு.

நான் அவளுடைய கையைப் பிடித்திருந்தேன். இதை எங்கே கேட்டாலும் சொல்வேன். முதலில் அந்தக் கை வியர்வையில் வழுக்கியது. பிறகு காய்ந்துவிட்டது. அதை நல்லது என்று நினைத்தேன், அதுதான் ஆபத்து என்று தெரியாது. மூச்சை மிச்சம் பிடிக்கலாம் என்று நான் ஒன்றும் கதைக்கவில்லை. அவளும் கதைக்கவில்லை. ஒருமுறை மட்டும், "ஒன்பதாம் நம்பர் வருது" என்றாள். அது லோசானில் அவள் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற பஸ். பகிடி விடுகிறாள் என்று எண்ணினேன். திரும்பி முகத்தைப் பார்க்கவில்லை.

அதன்பிறகு அந்தத் தரிப்பிடம் வந்தது. அங்கே பஸ் தரிப்பிடங்களைக் கண்ணாடியால் மூடி, உள்ளே குளிரூட்டி வைத்திருக்கிறார்கள். வெயில் அந்தக் கண்ணாடியில் அடித்துக் கண்ணைக் கூசவைத்தது. உள்ளே ஒருவர் இருக்கிறார், நீலச் சேட்டு. நானும் அன்று நீலச் சேட்டுத்தான் போட்டிருந்தேன், என்னுடைய நிழல்தான் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் நான் நடந்துகொண்டிருந்தேன், அவர் இருக்கையில் இருந்தார். எனக்குப் பக்கத்தில் என் மனைவி இருந்தாள், அவருக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. இதையெல்லாம் அந்த நேரத்தில் நான் யோசிக்கவில்லை. கதவைத் திறந்தபோது உள்ளே மூன்று பிலிப்பீன் பெண்கள் மட்டும் நின்றார்கள். அவர்கள்தான் மனைவியைப் பிடித்துப் படுக்கவைத்து, கழுத்திலும் கமக்கட்டிலும் தண்ணீர் ஊற்றி, அம்புலன்ஸ் கூப்பிட்டார்கள். நீலச் சேட்டுக்காரரை நான் தேடவும் இல்லை, பிறகு ஒருவரிடமும் சொல்லவும் இல்லை.

ஒரு இரவு ஆஸ்பத்திரியில் வைத்திருந்து மறுநாள் விட்டார்கள். ஊருக்குப் போனோம், திரும்பி வந்தோம். அவள் மறுபடி மருத்துவமனையில் துப்புரவு வேலைக்குப் போகத் தொடங்கினாள், நான் சூப்பர் மார்க்கெட்டில் மரக்கறிப் பகுதிக்குப் போனேன். அவள் என்னோடு கதைப்பது குறைந்திருந்தது உண்மை. களைப்பு என்று எண்ணினேன். வயது என்று எண்ணினேன். ஒன்பது மாதம் அப்படியே போய்விட்டது.

விருந்தாளிகளை ரயில் ஏற்றிவிட்டு வந்து, அந்த ஞாயிறு பின்னேரம் நான் கேட்டேன். அவள் பல்கனியில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய ஞாபகத்தில் நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் மெட்ரோவை விட்டு வெளியே வந்தோம். தலைக்கவசங்கள் இருந்த வேலிவரை நான் இருந்தேன். வேலியைச் சுற்றி வந்து பார்த்தால் நான் இல்லை. அவள் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள், பல தடவை. அதன்பிறகு அந்த வெயிலில் தன்னந்தனியாக நடந்திருக்கிறாள். அவ்வளவும் சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

"அப்ப நான் எங்க போனனான்?" என்று கேட்டேன்.

"அந்தக் கண்ணாடிக் கூட்டுக்குள்ள இருந்தனீங்கள்."

அவள் இன்னொரு துவாயை எடுத்து உதறினாள்.

"குளிருக்குள்ள இருந்துகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தனீங்கள். நான் கண்ணாடியில தட்டினனான். நீங்கள் எழும்பேல்லை. கதவும் திறக்கேல்லை. அந்தப் பிள்ளையள்தான் திறந்தவை."

"இவ்வளவு நாளும் ஏன் கேக்கேல்லை?"

"கேட்டு என்ன செய்யிறது? இல்லையெண்டுதானே சொல்லுவீங்கள்" என்று கடைசித் துவாயை மடித்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

இல்லை என்றுதான் சொன்னேன். கையைப் பிடித்ததைச் சொன்னேன், ஒன்பதாம் நம்பர் பஸ்ஸைச் சொன்னேன். நீலச் சேட்டுக்காரரை நானும் கண்டதைச் சொல்லவில்லை. அதைச் சொன்னால், அவள் சொல்வதை நானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயந்தேன்.

குடும்ப வைத்தியரிடம் இருவரும் போனோம். உடம்பு அந்த அளவுக்குச் சூடேறினால் மூளை இல்லாததைக் காட்டும், ஞாபகத்தில் பொருந்தாத துண்டுகளை ஒட்டிவிடும் என்று அவர் பிரெஞ்சில் பொறுமையாக விளக்கினார். மனைவி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெளியே வந்ததும், தனக்கு அது விளங்குகிறது, ஆனால் தான் கண்டது கண்டதுதான் என்றாள். அதற்குப் பிறகு எங்கே போனாலும் எனக்கு இரண்டடி பின்னால் நடந்தாள். லோசான் மெட்ரோ சுரங்கத்துக்குள் நுழைந்து யன்னல் கறுக்கும்போது, அதில் தெரியும் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள், பிறகு என்னைத் திரும்பிப் பார்ப்பாள். நான் கவனிக்காத மாதிரி போனைப் பார்ப்பேன்.

வில்காரர் ஓகஸ்டில் போனார்கள், எங்கும் டாக்சியில் போய், சந்தோஷமாகத் திரும்பி வந்தார்கள். சுவெட்டர் யோசனை நல்லது என்று சித்தி மகளின் கணவர் போனில் நன்றி சொன்னார்.

மார்கழியில் ஒரு காலை, வேலைக்குக் கிளம்புகையில் மனைவி சொன்னாள், தை மாதம் ஊரில் தன் தங்கையின் மகளுடைய கலியாணத்துக்கு விமான ரிக்கெற் போட்டுவிட்டாளாம். வழியில் ஒரு நாள் துபாய்.

"அந்த இடத்தை ஒருக்காப் பார்க்கோணும்" என்றாள். நான் மறுக்கவில்லை.

தை மாதத்தில் அது வேறு ஊர். அதே மெட்ரோ நிலையத்தில் இறங்கினோம். மெல்லிய காற்று. கட்டட வேலை முடிந்து, அந்த வேலி இருந்த இடத்தில் ஒரு கோப்பிக் கடையும் அகலமான நடைபாதையும் இருந்தன. பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு தாய்மார் போனார்கள். நாங்கள் நடந்து தரிப்பிடத்தை அடைய எட்டு நிமிடம் எடுத்தது. நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

தரிப்பிடம் வெறுமையாக இருந்தது. மனைவி வெளியே நின்றுகொண்டு என்னை உள்ளே போய் இருக்கச் சொன்னாள்.

"எங்க இருக்க?"

"உங்களுக்குத் தெரியும்தானே" என்றாள்.

உள்ளே போனேன். நீளமான இருக்கை. எங்கே வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். நான் யோசிக்காமல் நடந்துபோய், இடது பக்க மூலையில் தெருவைப் பார்த்தபடி இருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள். வாகன இரைச்சல் ஒன்றும் உள்ளே கேட்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அவளுடைய வாய் அசைந்தது. கூப்பிடுகிறாள் என்று தெரிந்தது, ஆனால் எனக்கு எழும்ப மனம் வரவில்லை. உள்ளே அவ்வளவு அமைதியாகவும் குளிராகவும் இருந்தது. அவள் இரண்டு தடவை கண்ணாடியில் தட்டினாள்.

பிறகு அவளே கதவைத் திறந்து உள்ளே வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஓம்" என்றாள். "இப்பிடித்தான் இருந்தனீங்கள்."

அவளுடைய குரலில் கோபம் இல்லை. நீண்ட நாள் தேடிய சாமான் அகப்பட்டவள் போல இருந்தாள். அப்போது நானும் நீலச் சேட்டுக்காரரைக் கண்டதைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. "எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னாள். பஸ் வந்தது, நாங்கள் ஏறவில்லை, அது போய்விட்டது.

லோசானுக்குத் திரும்பிய பிறகு அவள் பழையபடி கலகலப்பாகிவிட்டாள். எனக்குப் பக்கத்திலேயே நடக்கிறாள். வேலைத்தலத்துக் கதைகளைச் சொல்லிச் சிரிக்கிறாள். துபாயில் எதைப் பார்க்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று தெரிந்தவர்கள் கேட்டால் அவள்தான் இப்போது விபரமாகச் சொல்கிறாள். நான் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவேன். அங்கே நின்று, அவள் சொல்லுகிற கதையில் அந்த வெயிலில் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு யார் நடந்ததாக வரப்போகிறது என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.